ஆண்டுக்கு 3,000 மி.மீ. மழை, ஆனாலும் நான்கு மாதத் தட்டுப்பாடு: சிப்பிகாட் வீடுகளுக்கு மழைநீர்த் தொட்டி ஏன், எப்படி?

ஸ்ரீ விஜயபுரம்: ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தெற்கு அந்தமானில், ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்படுவது வழக்கமாக உள்ளது. 2004ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்கும் சுனாமிக்கும் பின் தாழ்நிலங்களைக் கடல்நீரிடம் இழந்த சிப்பிகாட் பகுதியில், வீட்டுக் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் தேக்கி வைப்பது ஒரு குடும்பம் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய நன்னீர் ஆதாரமாகும். அதற்கான காரணங்கள், கணக்கு, அமைக்கும் முறை, பராமரிப்பு ஆகியவை இங்குத் தொகுத்து அளிக்கப்பட்டுள்ளன.

மழை மிகுதி, இருப்பு குறைவு

போர்ட் பிளேர் என்று வழங்கப்பட்டு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட தலைநகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், அந்தமான் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது சிப்பிகாட். தென்னை, பாக்கு, கிராம்பு, ஜாதிக்காய், இலவங்கப்பட்டை ஆகியவை விளையும் அரசு வேளாண் பண்ணையால் இவ்வூர் அறியப்பட்டது.

நாட்டிலேயே தென்மேற்குப் பருவமழையை முதலில் பெறும் பகுதி அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகும். மே மாதத்தின் இரண்டாம் பாதியில் தொடங்கும் மழை, வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்து டிசம்பர் வரை நீடிக்கிறது. அதன்பின் ஏப்ரல் வரை பெய்யும் மழை மிகக் குறைவு. ஆண்டு முழுவதற்குமான நீர் எட்டு மாதங்களில் வந்து சேர்ந்துவிடுவதால், எஞ்சிய நான்கு மாதங்களுக்கு எவ்வளவு தேக்கி வைக்கப்பட்டது என்பதே தட்டுப்பாட்டைத் தீர்மானிக்கிறது.

நில அமைப்பும் நீரை நிறுத்தி வைப்பதற்கு உகந்ததாக இல்லை. தெற்கு அந்தமானின் பெரும்பகுதி மணற்பாறையும் களிப்பாறையும் அடுக்கடுக்காக அமைந்த குன்றுகளால் ஆனது. இப்பாறைகள் நீரை மெதுவாகவே உள்வாங்குகின்றன. சரிவும் அதிகம், கடலும் அருகில். ஆகவே குன்றின் மேல் விழும் மழை குறுகிய ஓடைகள் வழியாகச் சில மணி நேரத்திலேயே கடலை அடைந்துவிடுகிறது. நீண்ட தூரம் ஓடி, வழியெங்கும் ஏரி குளங்களை நிரப்பும் பேராறுகள் இங்கு இல்லை.

தலைநகருக்கும் சுற்றுப்புறத்திற்கும் முதன்மையான நீர் ஆதாரமாக விளங்குவது தனிக்காரி அணை. கோடையில் அணையின் நீர்மட்டம் குறையும்போது குழாய்நீர் விநியோகத்தின் இடைவெளி நீள்கிறது. பருவமழை தாமதமாகும் ஆண்டுகளில் பல நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே குழாயில் நீர் வரும் நிலை ஏற்படுகிறது. கூரையில் விழுந்த மழையைச் சேமித்து வைக்காத வீடு, அந்நாட்களில் லாரித் தண்ணீரை எதிர்பார்த்திருக்க நேரிடுகிறது.

2004க்குப் பின் மாறிய நிலம்

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட நிலநடுக்கம் அந்தமான் தீவுகளின் தரைமட்டத்தையே மாற்றியது. வடக்கு அந்தமானின் சில கடலோரங்கள் மேலெழும்பின. தெற்கு அந்தமானில் தரை சுமார் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. சுனாமி அலை திரும்பிச் சென்றுவிட்டது. ஆனால் தாழ்ந்த தரை பழைய மட்டத்திற்கு மீண்டும் உயரவில்லை.

அதன் விளைவை இன்றும் கண்ணெதிரே காணக்கூடிய இடங்களுள் சிப்பிகாட் குறிப்பிடத்தக்கது. முன்பு நெல் விளைந்த தாழ்நிலங்களில் இப்போது ஓதநீர் ஏறி இறங்குகிறது. வயல்களாக இருந்தவை உவர்நீர்ச் சதுப்பு நிலங்களாகி, நீர்ப்பறவைகள் கூடும் இடங்களாயின. தாழ்வான இடங்களில் இருந்த கிணறுகளிலும் உப்பு ஏறியது.

நீரின் உப்புத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரம்பு வகுத்துள்ளது. ஐஎஸ் 10500 என்ற குடிநீர்த் தரநிலையின்படி, ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்புடையது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. கடல்நீரில் இது சுமார் 35,000 மில்லிகிராம் ஆகும். எனவே ஒரு கிணற்று நீருடன் இருபதில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே அது குடிப்பதற்குத் தகுதியற்றதாகி, நெல்லுக்கும் காய்கறிக்கும் ஏற்றதாக இல்லாமல் போகும் நிலையை நெருங்கிவிடுகிறது.

கொதிக்க வைப்பதாலோ, மணல் வடிகட்டியாலோ, குளோரின் கலப்பதாலோ உப்பு நீங்காது. கூரையிலிருந்து இறங்கும் மழைநீரில் உப்பு மிகக் குறைவு. சிப்பிகாட் போன்ற இடங்களில் மழைநீர்த் தொட்டியின் முதல் மதிப்பு இதுவே.

சென்னை முறை இங்குப் பொருந்துமா?

மழைநீர் சேகரிப்பு என்றதும் தமிழ் வாசகர்களின் நினைவுக்கு வருவது, 2003ஆம் ஆண்டில் முதலமைச்சர் ஜெயலலிதா தலைமையிலான தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கிய நடவடிக்கையாகும். அப்போது சென்னையில் பெரும்பாலான வீடுகளில் அமைக்கப்பட்டவை, மொட்டைமாடி நீரைக் குழாய் வழியாகக் கிணற்றிலோ, ஜல்லியும் மணலும் நிரப்பிய கசிவுக் குழியிலோ இறக்கும் அமைப்புகள். நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவதே அதன் நோக்கம்.

கடலோர மணற்பாங்கான சென்னைப் பகுதிகளுக்கு அம்முறை பொருத்தமானது. மணலுக்குள் இறங்கும் நன்னீர், அடியில் உள்ள உவர்நீரின் மேல் ஒரு படலமாகத் தங்குகிறது. நன்னீர் உவர்நீரைவிட இலகுவானது என்பதால், கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உவர்நீர் தள்ளி நிறுத்தப்படும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

சிப்பிகாட்டின் தாழ்ந்த பகுதிகளில் நிலைமை வேறு. களிமண் நீரை எளிதில் உள்ளிறக்குவதில்லை. ஓதம் ஏறும் மட்டத்தில் தோண்டப்படும் குழியில் இறக்கும் நீர் உவர்நீருடன் கலந்துவிடும். மழைக்காலத்தில் மண் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் கூடுதல் நீருக்கு அங்கு இடமும் இராது. ஆகவே இங்கு முதலில் செய்ய வேண்டியது நீரைத் தரைக்கு மேலுள்ள மூடிய தொட்டியில் நிறுத்துவது. தொட்டி நிரம்பி வழியும் நீரை, மேட்டுநிலத்தில் கிணறு உள்ள வீடுகள் அக்கிணற்றின் அருகே இறக்கலாம். மேட்டிலிருந்து கசியும் நன்னீர் கீழுள்ள கிணறுகளில் உப்பு ஏறுவதைத் தாமதப்படுத்தவும் உதவும்.

ஒரு வீட்டுக்கான கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். கூரையின் பரப்பைக் கணக்கிடும்போது சரிவின் நீளத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. கூரை தரையில் மறைக்கும் நீளத்தையும் அகலத்தையும் பெருக்க வேண்டும்.

பத்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் கொண்ட தகரக் கூரையின் பரப்பு 50 சதுர மீட்டர். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழையில் அதன் மேல் விழும் நீர் 1,50,000 லிட்டர். தெறித்தல், ஆவியாதல், முதல் மழையைக் கழித்து விடுதல் ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினாலும் 1,20,000 லிட்டர் எஞ்சும். சராசரியாக நாளொன்றுக்கு 300 லிட்டருக்கும் அதிகம்.

இதே கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் தொட்டி நிரம்பிவிடும். 10,000 லிட்டர் தொட்டிக்கு 250 மில்லிமீட்டர் மழை போதும். அந்தமானின் மழைக்காலத்தில் இந்த அளவு ஒரே மாதத்தில் பெய்துவிடும். ஆகவே சிப்பிகாட்டில் சிறிய கூரைகூட இடையூறு ஆகாது. எவ்வளவு பெரிய தொட்டி வைக்க முடியும் என்பதே சேமிப்பின் அளவைத் தீர்மானிக்கிறது.

தொட்டியின் அளவை வறண்ட நாட்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட வேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்திற்கு 120 நாட்கள் மழையே இல்லை எனக் கொண்டால் தேவை பின்வருமாறு அமையும்:

குடிக்கவும் சமைக்கவும் மட்டும், ஆளுக்கு 5 லிட்டர்: நாளொன்றுக்கு 20 லிட்டர், மொத்தம் 2,400 லிட்டர்.

குடிநீருடன் பாத்திரம் கழுவுதல், கை கால் கழுவுதல் ஆகியவற்றுக்கும் சேர்த்து, ஆளுக்கு 20 லிட்டர்: நாளொன்றுக்கு 80 லிட்டர், மொத்தம் 9,600 லிட்டர்.

ஊரகக் குடும்பங்களுக்கு ஜல் ஜீவன் இயக்கம் வகுத்துள்ள அளவான ஆளுக்கு 55 லிட்டர்: நாளொன்றுக்கு 220 லிட்டர், மொத்தம் 26,400 லிட்டர்.

குழாய்நீர் இடைவெளி விட்டு வரும் வீட்டிற்கு 3,000 லிட்டர் தொட்டி குடிநீர்க் கவலையைத் தீர்க்கும். உப்பேறிய கிணற்றை மட்டுமே நம்பியுள்ள வீட்டிற்கு 10,000 லிட்டராவது தேவைப்படும். முழுத் தேவைக்கும் தொட்டி கட்டுவது பெரும்பாலான குடும்பங்களுக்குச் செலவு மிகுந்ததாகவே இருக்கும். வசதி குறைந்தவர்கள் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றிலிருந்து தொடங்கினாலும், மழை பெய்யும் எட்டு மாதங்களில் அது பலமுறை நிரம்பிப் பயன் தரும்.

கூரையும் குழாயும்

தீவுகளில் பரவலாகக் காணப்படும் துத்தநாகப் பூச்சுள்ள நெளித்தகரக் கூரை மழைநீர் சேகரிக்க ஏற்றது. வெயிலில் சூடேறுவதால் கிருமிகள் ஓரளவு அழிகின்றன. நீரும் தங்காமல் இறங்கிவிடுகிறது. சிமெண்ட் தளமும் ஏற்றதே. துரு ஏறிய தகரத்தை மாற்ற வேண்டும். ஈயம் கலந்த வண்ணப்பூச்சைக் கூரைக்கோ குழாய்க்கோ பயன்படுத்தக் கூடாது. பனையோலை, தென்னங்கீற்று வேய்ந்த கூரையிலிருந்து வரும் நீர் நிறமும் மணமும் ஏறியிருக்கும் என்பதால் அதைத் தோட்டத்திற்கும் கழிப்பறைக்கும் ஒதுக்கலாம். பழைய கல்நார்த் தகடுகளைத் தேய்த்துக் கழுவுவதும் உடைப்பதும் நுரையீரலுக்குத் தீங்கான இழைகளைக் காற்றில் பரப்பும்.

கூரையின் விளிம்பில் பொருத்தப்படும் அரைவட்டக் குழாய் பெருமழையைத் தாங்க வேண்டும். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டும்போது 50 சதுர மீட்டர் கூரையிலிருந்து நிமிடத்திற்கு 50 லிட்டர் நீர் இறங்கும். சிறிய குழாயாக இருந்தால் பாதி நீர் வெளியே வழிந்துவிடும். குழாய் இறங்கு முனையை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். தாங்கு கொக்கிகள் நெருக்கமாக அமைய வேண்டும். நீர் தேங்கும் பள்ளம் ஒன்று இருந்தாலும் அங்குக் கொசு முட்டையிடும்.

முதல் மழையைக் கழித்தல்

வறண்ட மாதங்களில் கூரையில் தூசியும், இலைச் சருகும், பறவை எச்சமும், கடற்காற்று கொண்டுவரும் உப்பும் படிகின்றன. முதலில் விழும் மழை இவற்றைக் கழுவிக்கொண்டு இறங்கும். அந்நீரைத் தொட்டிக்குள் விடாமல் திருப்பிவிடுவதே நீரின் தூய்மைக்கு மிக எளிய பாதுகாப்பு.

ஒவ்வொரு மழையின் முதல் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை கழித்துவிடுவது பொதுவான நடைமுறை. 50 சதுர மீட்டர் கூரைக்கு இது 50 முதல் 100 லிட்டர் ஆகும். இறங்கு குழாயில் ஒரு கிளை பிரித்து, அடியில் மூடியுள்ள அகன்ற குழாயையோ தனிப் பீப்பாயையோ இணைத்தால், முதல் நீர் அதில் நிரம்பிய பிறகே அடுத்து வருவது தொட்டிக்குச் செல்லும். மழை நின்றதும் மூடியைத் திறந்து அந்நீரைத் தோட்டத்திற்கு விடலாம். தானே திறந்து மூடும் அமைப்பு இல்லாத வீடுகளில் இறங்கு குழாயைக் கையால் திருப்பி வைத்தாலும் பயன் ஒன்றே.

அடுத்து வடிகட்டி. அடியில் ஜல்லி, நடுவில் சிறு கல், மேலே கழுவிய மணல் என்ற வரிசையில் நிரப்பிய ஒரு வாளி அல்லது பீப்பாய் சருகையும் மண்ணையும் தடுக்கும். அது கிருமிகளை முழுமையாக நீக்காது. மணலை ஆண்டுதோறும் கழுவியோ மாற்றியோ வைக்காவிட்டால் வடிகட்டியே அழுக்கின் உறைவிடமாகிவிடும். கூரைமேல் நீரைச் சேகரிப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 15797 என்ற தரநிலையாக 2008இல் வெளியிட்டுள்ளது.

தொட்டியை எங்கே வைப்பது?

சிப்பிகாட்டின் தாழ்ந்த பகுதிகளில் நிலத்தடித் தொட்டி கட்டுவதில் இரு இடர்கள் உள்ளன. சுவரில் சிறு விரிசல் விழுந்தாலும் வெளியிலுள்ள உவர்நீர் உள்ளே கசியும். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது காலித் தொட்டி படகு போல் மேலே தள்ளப்பட்டு உடையவும் கூடும். ஆகவே தரைக்கு மேலுள்ள தொட்டியே பாதுகாப்பானது.

அதே வேளையில் தொட்டியை உயரமான தூண்களின் மேல் ஏற்றுவதும் ஏற்றதன்று. அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுவதும் நாட்டின் மிக அதிக நிலநடுக்க அபாயமுள்ள ஐந்தாம் மண்டலத்தில் வகைப்படுத்தப்பட்டு வந்தவை. 1,000 லிட்டர் நீரின் எடை ஒரு டன். கெட்டியான தாழ்ந்த மேடையில் தொட்டியை அமர்த்தி, குடம் வைக்கும் அளவுக்கு மட்டும் திறப்புக் குழாயை உயர்த்தினால் போதுமானது.

நெகிழித் தொட்டி எளிதில் கிடைக்கும், விரைவில் பொருத்தலாம். வெளிச்சம் ஊடுருவாத நிறமுடையதாக இருந்தால் பாசி பிடிக்காது. கம்பி வலையின் மேல் சிமெண்ட் கலவை பூசிக் கட்டப்படும் ஃபெரோசிமெண்ட் தொட்டி பெரிய கொள்ளளவுக்குச் செலவு குறைந்தது. மழைநீர் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. சிமெண்ட்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு அதைச் சமன் செய்கிறது என்பது இவ்வகைத் தொட்டியின் கூடுதல் நன்மை. கலவைக்குக் கடல் மணலும் உவர்நீரும் பயன்படுத்தினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துத் தொட்டி விரைவில் பிளக்கும்.

எந்தத் தொட்டியானாலும் இறுக்கமான மூடி, உள்வரும் குழாய்க்கும் வழியும் குழாய்க்கும் நுண்ணிய வலை, அடியில் கழுவி வெளியேற்றும் குழாய் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. நீர் எடுக்கும் குழாய் அடிமட்டத்திலிருந்து ஒரு கைப்பிடி உயரத்தில் இருந்தால் அடியில் படியும் வண்டல் கலங்காது.

குடிப்பதற்கு முன்

கூரை நீர் தெளிவாகத் தோன்றினாலும் கிருமியற்றது எனக் கருத இயலாது. லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக் காய்ச்சல் அந்தமானில் நீண்டகாலமாக அறியப்பட்ட நோய். ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம் இந்நோய் குறித்துத் தொடர்ந்து ஆய்வு செய்து வருகிறது. எலியின் சிறுநீர் வழியே பரவும் இக்கிருமி தொட்டிக்குள் சேராதிருக்க, கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டுவதும் மூடியில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

மூடாத தொட்டி டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் இனப்பெருக்க இடமாகும். முட்டையிலிருந்து கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரமே போதும் என்பதால், மூட இயலாத வாளிகளையும் பீப்பாய்களையும் வாரம் ஒருமுறை காலி செய்து உட்புறத்தைத் தேய்த்து உலர்த்த வேண்டும்.

குடிநீரைக் கொப்புளம் எழும்பும்படி ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து ஆறவிடுவது பாதுகாப்பான முறை. தொட்டி முழுவதையும் தூய்மைப்படுத்த பிளீச்சிங் பவுடர் பயன்படுகிறது. தெளிந்த நீருக்கு 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல தரமான பவுடர் என்பது பொதுச் சுகாதாரத் துறையில் கையாளப்படும் அடிப்படை அளவு. பவுடரைத் தனி வாளியில் கரைத்து, அடியில் படியும் சுண்ணாம்பைத் தவிர்த்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன்பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் நீர் பாதுகாப்பானது எனக் கொள்ளப்படுகிறது. திறந்து வைத்த பவுடர் ஈரக்காற்றில் வீரியம் இழந்துவிடும்.

எந்த நீர் எந்த வேலைக்கு?

வறண்ட மாதங்களில் தொட்டி நீரை நீட்டிப்பதற்குச் சிறந்த வழி வேலைகளைப் பிரிப்பது. மழைநீர் குடிக்கவும் சமைக்கவும் முதலில் ஒதுக்கப்பட வேண்டும். கழிப்பறைக்கும் தரை கழுவுவதற்கும் சற்று உவர்ப்பான கிணற்று நீர் போதும். அரிசி, காய்கறி கழுவிய நீர் தோட்டத்திற்குச் செல்லலாம். மழை பெய்யும் மாதங்களில் இந்த வரிசையைத் தளர்த்தித் துணி துவைக்கவும் குளிக்கவும் கூரை நீரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தொட்டி வழிந்துகொண்டிருக்கும்போது குழாய்நீரைப் பயன்படுத்துவதால் எவருக்கும் நன்மை இல்லை.

தொட்டிக்குள் ஒரு அளவுகோலைப் பொருத்தி, ஜனவரி முதல் வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம். பிப்ரவரி இறுதியில் பாதிக்கும் கீழே குறைந்திருந்தால் அன்றாடச் செலவைச் சுருக்க வேண்டும் என்பதை அக்குறிப்பு முன்கூட்டியே உணர்த்தும்.

தோட்டத்திலும் வயலிலும்

1978இல் நிறுவப்பட்டு, இன்று மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கப்படும் நிறுவனம், தீவுகளின் தாழ்நிலங்களுக்கு அகலப் பாத்தியும் வாய்க்காலும் மாறி மாறி அமைக்கும் முறையைப் பரிந்துரைத்து வருகிறது. நிலத்தைத் தோண்டி எடுத்த மண்ணால் இடையிடையே அகன்ற பாத்திகள் உயர்த்தப்படுகின்றன. பாத்தியில் காய்கறி பயிராகிறது. தோண்டிய வாய்க்காலில் மழைநீர் தேங்கி, மீன் வளர்ப்புக்கும் கோடைப் பாசனத்திற்கும் பயன்படுகிறது. உயர்ந்த பாத்தியின் உப்பை மழை கழுவி வெளியேற்றிவிடும். சுனாமி நீர் ஒருமுறை மட்டும் ஏறி வடிந்த நிலங்கள் அடுத்தடுத்த பருவமழைகளால் மீண்டதும், நாள்தோறும் ஓதம் ஏறும் நிலங்கள் மீளாததும் இதே காரணத்தால்தான்.

மேட்டுநிலத் தோட்டங்களில் சிறு குட்டை தோண்டி நெகிழி விரிப்பு இட்டு மழைநீரைத் தேக்கலாம். ஆயினும் திறந்த குட்டையில் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் ஆவியானாலும் 120 நாட்களில் ஏறத்தாழ அரை மீட்டர் நீர் குறைந்துவிடும். ஆகவே அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுவது நலம். தென்னை, பாக்கு மரங்களைச் சுற்றித் தேங்காய் மட்டைகளைப் புதைப்பதும் சருகு மூடாக்கு இடுவதும் மண்ணின் ஈரத்தைக் கோடையிலும் காக்கும்.

பிற தீவுகளின் வழி

மழையைத் தேக்கும் அறிவு இத்தீவுகளுக்குப் புதிதன்று. கிரேட் நிக்கோபாரில் வாழும் ஷோம்பென் பழங்குடியினர், மூங்கிலை நெடுக்காகப் பிளந்து சரிவுகளில் படுக்கவைத்து, அதன் வழியாக வழியும் மழைநீரை ஆழம் குறைந்த குழிகளில் சேர்க்கும் முறையைக் கையாண்டு வந்துள்ளனர். மரங்களின் அடியிலும் பிளந்த மூங்கிலை வைத்து இலைகளிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்துள்ளனர்.

தமிழ்நாட்டில் செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக்கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்து, மழைநீரை அண்டாக்களில் பிடிக்க இடம் தந்தது. ஆறும் ஏரியும் இல்லாத பெர்முடா தீவில் கூரை நீரைச் சேமிக்கும் தொட்டி ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் எனச் சட்டமே உள்ளது. அங்குள்ள வீடுகளின் வெண்ணிறச் சுண்ணக் கூரைகள் அதற்காகவே படிப்படியாக அமைக்கப்பட்டவை. மிகுந்த மழை பெறும் மேகாலயத்தின் சிரபுஞ்சியில் குளிர்கால மாதங்களில் தண்ணீருக்கு நெடுந்தூரம் நடக்க நேர்வது, மழையின் அளவு மட்டும் நீர்ப் பாதுகாப்பைத் தராது என்பதற்குச் சான்று.

ஆண்டுப் பணிகள்

ஏப்ரல்: தொட்டியில் நீர் குறைந்திருக்கும் இம்மாதத்தில் வண்டலை அகற்றி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பெரிய தொட்டிக்குள் தனியாக இறங்கக் கூடாது. வெளியே ஒருவர் நின்று கவனிக்க வேண்டும்.

மே: கூரை, விளிம்புக் குழாய், வலை ஆகியவற்றைத் துப்புரவு செய்து, வடிகட்டி மணலை மாற்ற வேண்டும். பருவத்தின் முதல் சில மழைகளை முழுவதுமாக வெளியே விட வேண்டும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை: நீரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் முதல் நீர்க் குழாயைக் காலி செய்ய வேண்டும்.

நவம்பர், டிசம்பர்: கசிவு உள்ளதா எனச் சோதித்து, தொட்டியை விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். ஆண்டின் கடைசி நல்ல மழை எப்போது பெய்யும் என்பதை எவரும் அறிய இயலாது என்பதால், நவம்பர் தொடங்கியதும் தொட்டி எப்போதும் நிறைந்திருப்பது பாதுகாப்பு.

ஜனவரி முதல் மார்ச் வரை: வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். இடையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் 50 சதுர மீட்டர் கூரை 400 லிட்டர் வரை தரும். நால்வர் குடிக்கவும் சமைக்கவும் அது 20 நாட்களுக்குப் போதுமானது. அந்த ஒரு மழையைப் பிடிப்பதற்கு, கோடையிலும் கூரையும் குழாயும் துப்புரவாக இருக்க வேண்டும்.